வெள்ளையர்–கறுப்பர் ஜோடிப் படங்கள் இனவெறியை எதிர்க்கின்றனவா, ஒளித்து வைக்கின்றனவா?

இரண்டு வேறு இனத்து ஆட்கள். முதல் பாதியில் முறைத்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்கிறார்கள். இரண்டாம் பாதியில் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுக்கத் தயாராகிவிடுகிறார்கள். '48 ஹவர்ஸ்', 'லெத்தல் வெப்பன்', 'ரஷ் ஹவர்' ஆகியவற்றைக் குறிப்பிட்டு, "இவை இனவெறிக்கு எதிரான படங்கள்தானே, பிறகு ஏன் விமர்சகர்கள் இவற்றையே குறை சொல்கிறார்கள், நான் விழுந்து விழுந்து சிரித்தது தப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இனவெறியைத் திரையில் காட்டி, கண்டிக்கவும் செய்கிற ஒரு படம் அதே மூச்சில் அதை மறைக்கவும் முடியுமா? முடியும் என்பதே என் பதில். சொல்லப்போனால் இந்த வகைப் படங்களில் காட்டுவதே மறைப்பதற்கான வழியாக இருக்கிறது. வசைச்சொல் காதைப் பிளக்கும் அளவுக்கு ஒலிக்கும்போது, யார் யாருடைய பிடியில் இருக்கிறார்கள் என்பதை நாம் கவனிப்பதில்லை.

திரைப்பட ரசனை வகுப்புகளில் அமெரிக்கப் படங்களைப் பல வருடமாகப் பாடமாக எடுத்து வருகிறேன். இந்த ஜோடிப் படங்களை மாணவர்களோடு நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பேசிய பழக்கத்தில் எழுதுகிறேன். அமெரிக்காவில் கறுப்பராக வாழ்ந்த அனுபவம் எனக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரையில் என்ன நடக்கிறது, யார் எப்போது வருகிறார், யார் எங்கே போய்ச் சேர்கிறார் என்பதெல்லாம் யாரும் சரிபார்க்கக்கூடிய விஷயம். அதற்கு நான் தரும் பொருள் என் வாசிப்பு. எடுத்தவர்களின் மனதில் என்ன இருந்தது என்ற பேச்சுக்குள் போகப் போவதில்லை. அது இங்கே தேவையும் இல்லை.

இதன் வேர் நகைச்சுவைப் படத்தில் இல்லை. 1958-இல் ஸ்டான்லி க்ரேமர் எடுத்த 'தி டிஃபையன்ட் ஒன்ஸ்' படத்தில் வெள்ளையரான டோனி கர்ட்டிஸும் கறுப்பரான சிட்னி போய்ட்டியேவும் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டுத் தப்பி ஓடும் கைதிகள். வெறுப்பில் தொடங்கி, சங்கிலி அறுந்த பிறகும் பிரியாத நட்பில் முடிகிறது. கடைசியில் போய்ட்டியே ஓடும் ரயிலில் ஏறிவிடுகிறார். கர்ட்டிஸால் ஏற முடியவில்லை என்றதும் தானும் கீழே விழுந்துவிடுகிறார். விடுதலை கைக்கெட்டிய பிறகு நண்பனுக்காக அதை விடுகிறார். இந்தக் காட்சிக்கு இரண்டு தியேட்டர்களில் கிடைத்த வரவேற்பைப் பற்றிக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1976-இல் எழுதியிருக்கிறார். நகர மையத்தில் தாராள மனம் கொண்ட வெள்ளையர்கள் மகிழ்ந்துபோனார்களாம். நியூயார்க்கின் கறுப்பர் பகுதியான ஹார்லெமில் கறுப்பர்கள், "முட்டாளே, திரும்ப ரயிலில் ஏறு!" என்று கத்தினார்களாம். உங்கள் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது. ஒரே காட்சி ஒரு கூட்டத்துக்கு மன்னிப்புக் கடிதம். இன்னொரு கூட்டத்துக்கு, நட்பின் விலையை எப்போதும் தங்கள் ஆள்தான் கட்டுகிறான் என்ற எரிச்சல்.

இந்தச் சட்டகத்துக்குள் சிரிப்பு வந்து சேர்ந்தது எழுபதுகளில். 1976-இல் வந்த 'சில்வர் ஸ்ட்ரீக்' படத்தில்தான் வெள்ளையரான ஜீன் வைல்டரும் கறுப்பரான ரிச்சர்ட் ப்ரையரும் முதல்முறை ஜோடியாகிறார்கள். ஜோடி என்று சொன்னாலும், படம் தொடங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான் ப்ரையர் முகத்தைக் காட்டுகிறார். அதில் பலரும் நினைவு வைத்திருக்கும் காட்சி ரயில் நிலையக் கழிப்பறையில் நடக்கிறது. போலீஸ் தேடும் வைல்டரின் முகத்தில் ப்ரையர் ஷூ பாலிஷைப் பூசி, தொப்பி மாட்டி, கையில் ரேடியோவைக் கொடுத்து, கறுப்பரைப் போல நடக்கச் சொல்லித்தருகிறார். கறுப்பர்களைக் கேலி செய்ய வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசி மேடையேறியது அமெரிக்காவில் நூறாண்டுக்கும் மேலான அவமானம். இந்தக் காட்சி அந்த நெருப்போடு விளையாடுகிறது. வைல்டர் தன் நினைவுக் குறிப்புகளில் சொல்வதன்படி, முதலில் எழுதப்பட்டிருந்தது வேறு: ஒரு வெள்ளைக்காரர் உள்ளே வருவார், வேஷத்தை நம்பிவிடுவார். ப்ரையருக்கு அது உறுத்தியிருக்கிறது. அவர் சொன்ன யோசனைப்படி உள்ளே வருபவர் கறுப்பராக மாற்றப்பட்டார். அவர் ஒரு நொடிகூட ஏமாறுவதில்லை; 'பாவம், பெரிய சிக்கலில் இருக்கிறாய் போல, தாளத்தையாவது சரியாகப் பிடி' என்கிற தோரணையில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். வெளியே நிற்கும் போலீசுக்கோ நிறம் மட்டும்தான் தெரிகிறது. ஒரு ஆளை மாற்றியதில் கேலியின் முனை முழுவதும் திரும்பிவிட்டது. ஆனாலும் முகத்தில் பாலிஷ் பாலிஷ்தான். அதைப் பார்க்கப் பொறுக்காதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

நீங்கள் கேட்ட '48 ஹவர்ஸ்' படத்துக்கு வருகிறேன். வால்டர் ஹில் இயக்கத்தில் 1982-இல் வந்தது. எடி மர்ஃபிக்கு முதல் படம், வயது 21. சான் ஃபிரான்சிஸ்கோ போலீஸ்காரர் ஜாக்காக நிக் நோல்டி. கொலைகாரனைப் பிடிக்க உதவுவதற்காகச் சிறையிலிருந்து இரண்டு நாள் மட்டும் வெளியே விடப்படும் கைதி ரெஜ்ஜியாக மர்ஃபி. படத்தின் முக்கால்வாசியில் ஜாக் அவரை இனத்தைச் சொல்லித் திட்டுகிறார், தெருவில் கட்டிப் புரண்டு அடித்துக்கொள்கிறார். இதெல்லாம் வெளிப்படையான இனவெறி. படம் அதை ஒளிக்கவில்லை.

ஒளிப்பது எங்கே என்று பார்க்க அந்தப் புகழ்பெற்ற மதுக்கடைக் காட்சியை மெதுவாகப் பாருங்கள். தகவல் தேடி இருவரும் ஒரு பாருக்கு வருகிறார்கள். கௌபாய் தொப்பிக்காரர்கள் நிறைந்த இடம்; தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடி தொங்குகிறது, அதாவது அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்டவர்களின் கொடி. ரெஜ்ஜி ஜாக்கின் போலீஸ் பேட்ஜைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். வோட்கா கேட்டால், பரிமாறுபவர் நிறத்தைக் குத்திக்காட்டும் ஒரு மதுவின் பெயரைச் சொல்லி நக்கலடிக்கிறார். அடுத்த கணம் ரெஜ்ஜியின் கையிலிருந்த கிளாஸ் சுவர்க் கண்ணாடியில் பறந்து நொறுங்குகிறது. கடை உறைகிறது. அதன்பின் சில நிமிடங்கள் அந்த இளைஞன் தனி ஆளாகக் கடை முழுவதையும் ஆட்டி வைக்கிறான்: ஒவ்வொருவரையும் தடவிச் சோதிக்கிறான், மிரட்டுகிறான், ஊருக்குப் புது ஷெரிஃப் வந்தாச்சு என்று அறிவிக்கிறான். அமெரிக்கத் தெருக்களில் வெள்ளைப் போலீஸ் கறுப்பர்களுக்குச் செய்துவந்த அத்தனையும் ஒரு கறுப்பன் கையால் வெள்ளையர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. மர்ஃபி ஒரே இரவில் நட்சத்திரமானது இந்தக் காட்சியால்தான் என்பார்கள். பார்த்தால் ஏன் என்று புரியும்.

இப்போது ஓரத்தில் நிற்கும் ஜாக்கைப் பாருங்கள். கையைக் கட்டிக்கொண்டு ரசிக்கிறார். கொஞ்ச நேரம் முன்பு இதே வசைகளை வாரி இறைத்தவர் இப்போது நம் பக்கத்து ஆள், நம்மோடு சேர்ந்து சிரிக்கிற பார்வையாளர். இனவெறி அவரிடமிருந்து கழன்று அந்தக் கடையின் கிராமத்தான்கள் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. ரெஜ்ஜியின் அதிகாரமோ இரவல் அதிகாரம். பேட்ஜைத் திருப்பிக் கொடுத்தால் கைதிதான். பிறகு ஜாக் மன்னிப்புக் கேட்கிறார். திட்டியதெல்லாம் மனதார இல்லை, உன்னை அடக்கி வைப்பது என் வேலை, அதைத்தான் செய்தேன் என்கிறார். வேலை என்று சொன்னால் எல்லாம் சரியாகிவிடாது என்று ரெஜ்ஜி பதில் சொல்ல, ஜாக் ஒத்துக்கொள்கிறார். வகுப்பில் நான் படத்தை நிறுத்துவது இங்கேதான். அடக்கி வைப்பதுதான் வேலை என்று ஒரு போலீஸ்காரர் வாயாலேயே வந்துவிட்டது! படம் முழுக்க ஒளித்து வைத்திருந்த விஷயம் ஒரு வரியில் வெளியே எட்டிப் பார்க்கிறது. ஆனால் படம் அதை இரண்டு ஆண்கள் மனம்விட்டுப் பேசும் தருணமாக எடுத்துக்கொண்டு, காரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறது. முடிவில் ஜாக் தன் நண்பனைக் கொண்டுபோய்த் திரும்பவும் சிறையில் விடுகிறார். நாம் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறோம்.

அந்தப் படத்தில் ஜாக்கின் மேலதிகாரி கறுப்பர், எந்நேரமும் கத்திக்கொண்டிருப்பவர். மர்ஃபி நடித்த 'பெவர்லி ஹில்ஸ் காப்' படத்திலும் அப்படி ஒருவர் உண்டு. அதில் நடித்த கில் ஹில் நிஜமாகவே டெட்ராய்ட் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். மேலே கறுப்பர் இருக்கிறார், ஆகவே துறையில் பாகுபாடு இல்லை என்ற எண்ணம் சொல்லாமலே மனதில் பதிகிறது. உண்மையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கறுப்பினப் போலீஸ்காரர்களின் சங்கம் வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் பாகுபாடு என்று 1973-இல் வழக்குப் போட்டு, 1979-இல் நீதிமன்ற மேற்பார்வையில் உடன்பாடு எழுதி வாங்கியிருந்தது. படம் வந்தது அதற்கு மூன்றே வருடம் கழித்து.

இனவெறியை வேறு இடத்துக்கு அனுப்பிவைக்கும் இந்த வித்தையில் உச்சம் 1989-இல் வந்த 'லெத்தல் வெப்பன் 2'. இந்தத் தொடரில் ஒரு நல்ல மாற்றமும் இருக்கிறது: கறுப்பரான டேனி க்ளோவர் வீடு, மனைவி, பிள்ளைகள் என்று நிலையான மனிதர், வெள்ளையரான மெல் கிப்சன்தான் கட்டுக்கடங்காதவர். வழக்கமான அச்சு தலைகீழாகிறது. ஆனால் இரண்டாம் பாகத்தின் வில்லன்கள் யார்? நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவின் தூதரக அதிகாரிகள். க்ளோவர் அந்தத் தூதரகத்துக்குப் போய், உங்கள் நாட்டில் குடியேற விரும்புகிறேன் என்று விண்ணப்பம் கேட்க, அங்கே இருப்பவர் நீங்கள் கறுப்பராயிற்றே என்று திணறும் காட்சிக்கு இன்றும் சிரிப்பு வரும். நிஜ வாழ்க்கையிலும் நிறவெறி ஆட்சிக்கு எதிராகக் குரல் கொடுத்தவர் க்ளோவர். 1987-இல் தொலைக்காட்சிப் படமொன்றில் மண்டேலாவாகவே நடித்தவர். அந்தக் கோபம் போலி இல்லை. கவனிக்க வேண்டியது அது திரும்பியிருக்கும் திசை. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் நல்லவர்கள், இனவெறி வெளிநாட்டிலிருந்து தூதரகப் பாதுகாப்போடு வந்து இறங்குகிறது. இரண்டு வருடம் தாண்டவில்லை, 1991 மார்ச்சில் அதே லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் ரோட்னி கிங் என்ற கறுப்பரை அடித்து நொறுக்கிய வீடியோ உலகத்துக்கே தெரிந்தது. அதன்பின் அமைக்கப்பட்ட கிறிஸ்டோபர் கமிஷன், ரோந்து கார்களின் கணினிகளில் போலீஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட இனவெறிச் செய்திகளைத் தோண்டி எடுத்து வெளியிட்டது.

எண்பதுகளின் படங்களைப் பற்றி எட் கெரெரோ என்ற ஆய்வாளர் 1993-இல் எழுதிய கருத்து எனக்கு மிகவும் பயன்பட்டிருக்கிறது. இந்தப் படங்களில் கறுப்பு நட்சத்திரம் வெள்ளை நண்பரின் பாதுகாப்புக் காவலில் வைக்கப்படுகிறார் என்கிறார் அவர். மர்ஃபி எத்தனை பெரிய நட்சத்திரமானாலும் அவரைச் சுற்றி அவருடைய ஊர், உறவு, தெரு எதுவும் இருக்காது. அவருடைய புத்திசாலித்தனம் முழுவதும் வெள்ளை உலகத்தின் சிக்கலைத் தீர்க்கச் செலவாகும். 'லெத்தல் வெப்பன்' குடும்பத்தைப் பார்த்தால் இந்தக் கருத்து எல்லாப் படத்துக்கும் பொருந்தாது என்று தெரியும். ஆனால் ஒரு படத்தை அளக்க எளிய கேள்விகள் இதிலிருந்து கிடைக்கின்றன. கறுப்பருக்கு இன்னொரு கறுப்பரோடு பேச ஒரு காட்சியாவது இருக்கிறதா? கதையின் முடிவில் மாறியவர் யார், மாற உதவியவர் யார்?

இதே காலத்தில் கொஞ்சம் துணிந்த படமும் உண்டு. ஜான் லாண்டிஸின் 'ட்ரேடிங் பிளேசஸ்', 1983. ஃபிலடெல்பியாவின் பணக்காரக் கிழவர்கள் இருவர், மனிதனை உருவாக்குவது பரம்பரையா சூழலா என்று பந்தயம் கட்டி, ஒரு வெள்ளைக் கனவானையும் தெருவில் பிழைக்கும் ஒரு கறுப்பரையும் இடம் மாற்றிவிடுகிறார்கள். பந்தயப் பணம் ஒரே ஒரு டாலர். கறுப்பர் வேலையில் கெட்டிக்காரர் என்று நிரூபணமான பிறகு, கழிப்பறையில் கிழவர்கள் பேசிக்கொள்வதை மர்ஃபியின் பாத்திரம் ஒளிந்திருந்து கேட்கிறது: நம் குடும்பத் தொழிலை ஒரு கறுப்பன் நடத்த விடுவோமா, ஒருக்காலும் இல்லை. குரலை உயர்த்தவில்லை, கோபமும் இல்லை. நல்ல கோட்டு போட்ட கண்ணியமான மனிதர்கள் கணக்குப் பார்ப்பதுபோல் பேசிக்கொள்கிறார்கள். கௌபாய் கடையில் காட்டப்பட்ட இனவெறியைவிட இது எத்தனையோ மடங்கு உண்மைக்கு அருகில் இருக்கிறது. ஆனால் அதே படம் கடைசிப் பகுதியில் அந்த வெள்ளைக் கனவானாக நடித்த டான் அக்ராய்டுக்கு முகத்தில் கறுப்பு பூசி, ஜமைக்காக்காரர் வேஷம் போட்டு ரயிலில் ஏற்றுகிறது. இங்கே தடுத்து மாற்ற ஒரு ப்ரையர் இல்லை போலும்.

'ரஷ் ஹவர்' பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1998-இல் வந்து உலகம் முழுக்க 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்த அந்தப் படத்தில் கறுப்பரும் சீனரும் ஒருவர் இனத்தை ஒருவர் கேலி செய்கிறார்கள். வெள்ளையர்களே ஜோடியில் இல்லை என்பதால் எல்லாம் சமமான கேலி போலத் தெரிகிறது. ஜாக்கி சானின் பாத்திரம் ஒரு பாரில், கிறிஸ் டக்கர் நண்பர்களோடு பேசியதைப் பார்த்து கறுப்பர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் ஒரு வசைச்சொல்லை அப்பாவியாகச் சொல்லி அடிதடியில் மாட்டும் காட்சி அருமையாக எழுதப்பட்டது. யார் சொன்னால் என்ன அர்த்தம் என்பதை அது பாடம் நடத்தாமல் காட்டிவிடுகிறது. மற்றபடி, இந்த இருவரையும் இடைஞ்சல் என்று கருதி ஓரங்கட்டிய எஃப்பிஐ அதிகாரிகளைக் கதை சீக்கிரமே மறந்துவிடுகிறது.

பிறகு 2018-இன் 'கிரீன் புக்'. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது, சர்ச்சையும் அதற்கு ஈடாக வாங்கியது. இங்கே முதலாளி கறுப்பர், பியானோ மேதை டான் ஷெர்லி. கார் ஓட்டுபவர் வெள்ளையர், டோனி வலெலாங்கா. திரைக்கதையை எழுதியவர்களில் ஒருவர் டோனியின் மகன். தங்களைக் கலந்து பேசவில்லை, காட்டியிருக்கும் நட்பு மிகை என்று ஷெர்லியின் குடும்பத்தார் சொன்னார்கள். யார் சொன்னது எவ்வளவு சரி என்ற தீர்ப்புக்குள் நான் போகவில்லை. திரையில் இருப்பதை மட்டும் சொல்கிறேன்: பொரித்த கோழி சாப்பிடுவது எப்படி, கறுப்பர்களின் பாட்டு எது என்பதையெல்லாம் கறுப்பருக்கு வெள்ளைக்காரர் கற்றுத்தருகிறார். தெற்கில் போலீஸ் சிறையில் அடைக்கிறது. வடக்கே திரும்பும் வழியில் பனியில் நிறுத்தும் போலீஸ்காரர் டயர் பார்த்துச் சொல்லி உதவுகிறார். ஆக, இனவெறி தெற்கோடு முடிந்தது. ஆனால் படத்துக்குப் பெயர் தந்த அந்தக் கையேட்டை 1936-இல் தொடங்கிய விக்டர் ஹியூகோ கிரீன், ஹார்லெமில் வாழ்ந்த தபால்காரர். கறுப்பர்கள் அவமானப்படாமல் தங்கவும் சாப்பிடவும் எங்கே முடியும் என்று சொல்லும் அதன் முதல் பதிப்பு முக்கியமாக நியூயார்க் வட்டாரத்துக்காகவே போடப்பட்டது. டோனி பத்திரமாகத் திரும்பி வந்து சேரும் ஊரில் நடமாடவே அந்தப் புத்தகம் தேவைப்பட்டது!

சிரித்தது தப்பா என்றால், இல்லை. மர்ஃபியும் ப்ரையரும் அசாத்தியக் கலைஞர்கள். எழுதிக் கொடுத்ததைத் தாண்டி அவர்கள் கொண்டுவந்த கோபத்துக்கும் நாம் சிரிக்கிறோம். இந்தப் படங்கள் பார்ப்பவர்களின் மனதை எந்தப் பக்கம் நகர்த்தின என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்ப மாட்டேன். பால்ட்வின் சொன்ன இரண்டு தியேட்டர்களை நினைத்தாலே போதும். ஆனால் பெஞ்சமின் டிமாட் என்ற அமெரிக்க விமர்சகர் 1995-இல் வைத்த வாதம் வலுவானது என்று நினைக்கிறேன். இனப் பிரச்சினை என்பது இரண்டு பேருக்கு இடையிலான மனக்கசப்பு, பழகினால் தீரும் என்று சினிமாவும் விளம்பரமும் சேர்ந்து பழக்கிவிட்டால், பள்ளி, வேலை, வீட்டுக்கடன், சிறை என்பவற்றைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம்.

மாற்று வேண்டுமென்றால் 2004-இல் வந்த 'ஹெரால்ட் அண்ட் குமார்' முதல் படத்தைப் பாருங்கள். கொரிய வம்சாவளி இளைஞர் ஒருவர், இந்திய வம்சாவளி இளைஞர் ஒருவர். பர்கர் தின்ன அலைகிறார்கள், அவ்வளவுதான் கதை. யாருக்கும் எதையும் கற்றுத்தருவது அவர்கள் வேலை இல்லை. ஆளே இல்லாத தெருவைத் தவறான நேரத்தில் கடந்ததற்காக ஒரு போலீஸ்காரர் வம்புக்கு இழுத்து, குமாரின் பெயரைக் கேலி செய்கிறார். லாக்கப்பில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்பர், தான் கைதானதற்குத் தன் நிறத்தைத் தவிர வேறு காரணம் இல்லை என்பதை அலுத்துப்போன குரலில் சொல்கிறார். பெண்களைப் பற்றிய கொச்சையான நகைச்சுவை அதிலும் ஏராளம், குடும்பத்தோடு உட்கார வேண்டாம். ஆனால் போலீஸ் அமைப்பைக் கேலி செய்வதில் அது '48 ஹவர்ஸ்' தயங்கிய இடத்தில் தயங்கவில்லை.

நம் ஊருக்கும் இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 2011-இன் பிரெஞ்சுப் படம் 'தி இன்டச்சபிள்ஸ்', உடல் செயலிழந்த பணக்கார வெள்ளையருக்கும் அவரைப் பார்த்துக்கொள்ள வந்த கறுப்பின இளைஞருக்கும் இடையிலான நட்பு. பிரான்ஸில் மட்டும் 1.9 கோடிக்கு மேல் டிக்கெட் விற்றது. நிஜக் கதையின் இளைஞர் அல்ஜீரியாவில் பிறந்தவர். படத்தில் ஒமர் சீயின் பாத்திரம் செனகல் வம்சாவளி. பிறந்தநாள் விருந்தில் சாஸ்திரிய இசைக்கு அசையாமல் உட்கார்ந்திருந்த வெள்ளையர்கள் நடுவே அவர் ஆடிக் காட்டி எல்லோரையும் ஆட வைக்கும் காட்சியை பிரான்ஸ் கொண்டாடியது. அமெரிக்க விமர்சகர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். அந்தப் படத்தைத்தான் 2016-இல் நாகார்ஜுனாவும் கார்த்தியும் நடித்து 'தோழா' என்று பார்த்தோம். இனம் என்ற சிக்கல் அங்கே கழற்றி வைக்கப்பட்டு, பரோலில் வெளிவந்த ஏழை இளைஞன், பெரும் பணக்காரர் என்ற வேறுபாடு மட்டும் மிஞ்சியது. கதை ஒரு இடத்திலும் தடுமாறாமல் ஓடியது. இனத்தை எடுத்த இடத்தில் சாதியை வைத்திருந்தால் அது அப்படி ஓடியிருக்குமா, முதலில் எடுக்கத்தான் விட்டிருப்பார்களா என்று வகுப்பில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த விவாதம் மட்டும் ஒருமுறைகூட மணி அடிப்பதற்குள் முடிந்ததில்லை.